தெக்காலண்ணனின் தெற்கு

இந்த உலகத்தில் வலது, இடது என்று இரண்டு பக்கங்கள் இருப்பதை ஒப்புக்கொள்ளாமலேயே அறுபத்திரண்டு வயது வரை வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் தெக்காலண்ணன்தான். அவருக்கு இருந்தவை நான்கு பக்கங்கள். வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு. அதற்கு மேல் ஒரு பக்கம் வேண்டுமென்றால் அண்ணாந்து பார்ப்பார்.

மரக்காணத்து உப்பளத்தில் தெற்கு அளம் என்று நாங்கள் சொல்லும் பகுதியில் அவர் நாற்பது வருடம் உப்பு வாரினார். நான் அங்கே தண்ணீர் இறைக்கும் மோட்டாரைப் பார்த்துக்கொள்பவன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் நடுவில் வாய் திறக்கக் கூச்சப்படுவேன். அதனாலேயே அவருக்கு என்னைப் பிடித்துப்போனது. அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. "தெக்கால நகரு", "தெக்கால வையி" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்ததில் ஊர் அவருக்கு வேறு பெயர் வைத்துவிட்டது.

அவர் கல்யாணத்தன்று வீட்டு வாசலில் பெரியவர்கள், "வலது கால எடுத்து வெச்சு வாம்மா" என்றார்களாம். மாப்பிள்ளை பெண்ணின் காதில், "வடக்குக் கால வை" என்றாராம். கிழக்குப் பார்த்த வாசல். கணக்கு சரிதான். ஆனால் அண்ணி அன்று கல்யாணப் பதற்றத்தில் இரண்டு காலையும் சேர்த்து வைத்துக் குதித்தார் என்று ஊரில் பேச்சு. "அன்னிக்கே அப்படியே திரும்பிப் போயிருக்கணும்" என்பார் அண்ணி. "உப்பு டப்பா எங்கன்னு கேட்டா, மொளகாத்தூளுக்கு வடமேக்கால இருக்குதுன்றாரு இந்த ஆளு."

ஒரு தடவை இலவச கண் முகாம் நடந்தது. டாக்டர் அவரைச் சுழல் நாற்காலியில் உட்கார வைத்து, "எந்தக் கண்ணு மங்கலா இருக்கு?" என்று கேட்டார்.

"கெழக்குக் கண்ணுங்க."

டாக்டர் டார்ச் அடிக்க வசதியாக நாற்காலியைத் திருப்பினார். "இந்தக் கண்ணா?"

"இப்ப அது தெக்குக் கண்ணுங்க."

டாக்டர் டார்ச்சை அணைத்தார். பிறகு சீட்டில் இரண்டு கண்ணிலும் கோளாறு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அவரிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. வேலை தொடங்கும் முன் மேற்கே திரும்பி, பெருமுக்கல் மலை தெரிகிறதா என்று பார்ப்பார். எங்கள் அளத்திலிருந்து அது தேய்ந்துபோன ரப்பர் துண்டு அளவுதான் தெரியும். மலை மேல் கோயில் இருப்பதால் சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தோம். மூட்டம் போட்டு மலை மறைந்த நாட்களில் மனிதர் வாயைத் திறக்க மாட்டார். "உப்பு வாருற பலகைய எங்க வெக்கிறது அண்ணே?" என்றால், "எங்கனா வை" என்பார். சாமி தெரியாத வருத்தம் என்று அதையும் விட்டுவிட்டோம்.

பிறகு அந்தப் புயல் வந்தது. தெற்கு அளத்துக்குக் கடல் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலை மணல் போட்டு மூடிவிட்டது. தோண்டத் தோண்ட மணல் சரிந்தது. தண்ணீர் இல்லாமல் பாத்திகள் வெடித்துக் கிடந்தன. பல வருடங்களுக்கு முன்பே கைவிட்ட ஒரு பழைய வாய்க்கால் இருந்தது. அடியில் கெட்டிக் களிமண், சரியாது. அது எங்கே போனது என்று தெரிந்தவர்களில் மிஞ்சியிருந்தவர் தெக்காலண்ணன் ஒருவர்தான். இடமெல்லாம் வேலிக்காத்தான் முள் அடைத்துக் கிடந்தது. நடந்து போய்க் காட்டவும் முடியாது.

குத்தகை எடுத்திருந்த முதலாளி பொக்லைனோடு, அந்த வாய்க்கால் தொடங்கிய பழைய மதகடிக்கு வந்தார். "எங்கப்பா அந்த வாய்க்கா?"

"மதகுலேர்ந்து நேர் தெக்கால. நானூறு தப்படி போயி ஒரு ஆள் ஆழம் தோண்டினா களிமண்ணு வந்துரும்" என்றார் அண்ணன். அதற்குப் பிறகு மேற்கே திரும்பிப் பார்த்தார். அன்று மூட்டம். "நாளைக்கு வெச்சுக்கலாமுங்களா?"

"நாளைக்கு இந்த வண்டி வேற ஊருக்குப் போவுது. தெக்குதான? போன்லயே காட்டுது." முதலாளி போனை நீட்டினார். போனில் திசை காட்டும் முள் நடுங்கி நின்ற பக்கம் பொக்லைன் போனது. சாயந்திரம் வரை தோண்டியும் மணல்தான் வந்தது. அடுத்த வாரம் அண்ணனைக் கூப்பிடாமல், போனை வைத்தே இன்னொரு தடவை தோண்டினார்கள். மறுபடியும் மணல்தான்.

"இனிமே தோண்ட மாட்டேன். இறா பண்ணைக்கு விட்டுறப் போறேன்" என்று முதலாளி சொல்லிவிட்டார். தெற்கு அளத்தை நம்பி முப்பது குடும்பம் இருந்தது. என் குடும்பமும் அதில் ஒன்று.

ஊர் சும்மா இருக்குமா? "தெக்காலண்ணே, டீக்கடை எந்தப் பக்கம்? போன்ல பாத்துச் சொல்லட்டுமா?" என்றான் ஒருவன். "அண்ணன் சொன்னா சொன்னதுதான். தெக்குதான் நகந்து போயிடுச்சு" என்றான் இன்னொருவன். அண்ணன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். பொய் சொல்லி மாட்டிக்கொண்ட முகம் இல்லை அது. தன் வீட்டு வாசலிலேயே வழி தவறி நிற்பவனைப் போல இருந்தார்.

அளத்தைக் கைமாற்றும் முன்னால் மேலேயிருந்து முழுசாகப் படம் எடுக்க முதலாளி ஒரு சின்ன விமானம் ஏற்பாடு செய்தார். எந்தப் பாத்தி எது என்று சொல்ல உள்ளூர் ஆள் வேண்டும். தெக்காலண்ணனைப் போகச் சொன்னார்கள்.

"இவன் வந்தா போறேன்" என்று என்னைக் காட்டினார்.

"இவன் எதுக்கு? வாயே பேச மாட்டானே?"

"அதுக்குத்தான்."

புதுச்சேரியில் ஏறினோம். விமானம் என்றால் எங்கள் ஊர் ஷேர் ஆட்டோவுக்கு இறக்கை வைத்த மாதிரி. நாலு சீட்டு. ஓட்டியது முப்பது வயதுப் பெண். அண்ணன் அவருக்குப் பக்கத்தில், நான் பின்னால். காதில் மாட்டிக்கொள்ள ஆளுக்கொரு மைக் கொடுத்தார்கள். எதிரே பெரிய போன் மாதிரி ஒரு திரை. அதில் கடற்கரை, ரோடு, ஏரி எல்லாம் படமாக இருந்தன. நடுவில் ஒரு குட்டி விமானம்.

"அதுதான் நாம. எல்லாமே தொட்டாப் போதும் ஐயா. ரெண்டு விரல வெச்சு விரிச்சா இடம் பெருசாகும்" என்றார் அந்தப் பெண்.

"நாப்பது வருசமா அளத்துல வாரிக்கினு இருக்கேன். ஒரு பாத்திகூடப் பெருசாவுல" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் விரலை வைத்தார். திரை அசையவில்லை. அழுத்தினார். தட்டினார். கதவைத் தட்டுவது போல மடக்கிய விரலால் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை.

"ஐயா, உடைச்சிடாதீங்க!"

"ரேசன் கடை மிசினும் இப்பிடித்தாம்மா. எங்க ரேகைய அதுக்குத் தெரியாது. உப்பு தின்னுடுச்சு." அவர் கையை விரித்துக் காட்டினார். உப்பில் காய்ந்து, தேய்ந்து, வழவழவென்று இருந்த விரல்கள். எனக்கும் அப்படித்தான். நான் என் கையை மடியில் மறைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "விரல் ரொம்பக் காய்ஞ்சிருந்தா எடுக்காது. லேசா ஈரம் இருந்தா எடுக்கும்" என்றார்.

அண்ணன் நெற்றி வேர்வையில் விரலைத் தொட்டுத் திரையில் வைத்தார். கடற்கரை மொத்தமும் சடாரென்று நகர்ந்தது. "யம்மா!" என்று கையை உதறினார். "வேர்வைக்குத்தான் வழி விடுது."

கடற்கரை ஓரமாக வடக்கே பறந்தோம். விமானம் குலுங்கும்போதெல்லாம் அந்தப் பெண் கட்டைவிரலைத் திரையின் சட்டத்தில் ஊன்றிக்கொண்டு மற்ற விரலால் தொட்டார். இல்லாவிட்டால் குலுக்கலில் விரல் வேறு எங்கோ பட்டுவிடுமாம். "முன்னாடி திருகுற குமிழ்தான் இருந்துச்சு. அதைப் பிடிச்சுக்கலாம். எனக்கும் இந்த ஸ்க்ரீன் புதுசு. இதோட மூணாவது தடவதான் வர்றேன்" என்றார்.

"மூணாவது தடவையா?" அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

எங்கள் அளத்துக்கு மேலே வந்ததும் விமானம் வட்டமடித்துத் தெற்கே திரும்பியது. அப்போதுதான் அண்ணன் போட்ட சத்தத்தில் என் காது அடைத்துப்போனது.

"ம்மா! கடல் மேக்கால வந்துடுச்சு!"

திரையில் அதுவரை ஒரு பக்கம் இருந்த கடல் சுழன்று மறுபக்கம் வந்திருந்தது. நிஜக் கடல் தன் இடத்தில் கிழக்கேதான் இருந்தது.

"நாம எந்தப் பக்கம் போறோமோ அது மேல வர்ற மாதிரி படம் சுத்தும் ஐயா. அவ்வளவுதான்."

"நாம திரும்புனா நாமதான் திரும்பணும். ஊரு ஏம்மா திரும்புது?"

அவருக்கு நிஜமாகவே கோபம். அந்தப் பெண் எதையோ தொட்டார். படம் சுழன்று, வடக்கு மேலே வந்து அப்படியே நின்றது. இப்போது குட்டி விமானம் மட்டும் திரும்பியது.

"இது மனுசன் பண்ற வேல" என்றார் அண்ணன். முகத்தில் திருப்தி. திரையில் பழைய மதகைத் தேடிக் கண்டுபிடித்தார். பிறகு பெருமுக்கல் மலையையும் கண்டுபிடித்தார். நெற்றி வேர்வையைத் தொட்டுத் தொட்டு இரண்டுக்கும் நடுவே விரலை இழுத்தார். ஒரு தடவை இழுத்தார். மறுபடி இழுத்தார். அவர் விரல் படுக்கையாகப் போகவில்லை. மேலே ஏறியது.

"ம்மா, இந்தப் படம் தப்பு. மலை மதகுக்கு நேர் மேக்கால இருக்கணும்."

"படம் சரிதான் ஐயா. உங்க வடக்கு அளத்துக்குத்தான் மலை நேர் மேற்கு. தெற்கு அளம் இவ்வளவு கீழ இருக்கே. இங்கேயிருந்து பாத்தா மலை வடமேற்குல சாஞ்சிருக்கும்."

அண்ணன் திரையிலிருந்து விரலை எடுத்தார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் காலையில் பார்த்தது சாமியை அல்ல. அந்த மலைதான் அவருக்கு மேற்கு. அதை வைத்துத்தான் மற்ற மூன்று திசையும். நாற்பது வருடமும் அவர் மேற்கு கொஞ்சம் வடக்கே சாய்ந்திருந்தது. அவர் தெற்கு கொஞ்சம் மேற்கே சாய்ந்திருந்தது. மலை மறைந்த அன்று அவர் தெற்கைப் போனில் தேடினார்கள். போனுக்கு அவர் தெற்கு எப்படித் தெரியும்?

ஜன்னல் வழியே மலையைத் தேடிப் பார்த்துவிட்டு அண்ணன் தாழ்ந்த குரலில் சொன்னார். "ம்மா, மதகுலேர்ந்து கிளம்பு. மலை... வலது ரெக்கைக்கு நேரா நிக்கிற மாதிரி ஓட்டு."

வலது. அவர் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மலை வலது இறக்கையோடு நின்றது. கீழே முள்காடு ஓடியது. காட்டின் நடுவே ஒரு கோடு தெரிந்தது. இரண்டு பக்கமும் பச்சை முள், நடுவில் மட்டும் உப்புத் தண்ணீர் நின்ற மண்ணில் முளைக்கும் உமிரிச் செடி சிவந்து, ஈரத்தோடு, மதகிலிருந்து வாய்க்கால் போன தடம் அப்படியே கிடந்தது. தோண்டிய இரண்டு குழிகளும் அதற்குக் கிழக்கே, நூறு தப்படி தள்ளி வாயைப் பிளந்திருந்தன.

"தா இருக்குது! தா இருக்குது!"

"நான் திருப்பிட்டிருக்கேன். கையை எடுக்க முடியாது. ஸ்க்ரீன்ல அந்த இடத்த நீங்களே தொடுங்க ஐயா, குறிச்சுக்கும்!"

அண்ணன் தொட்டார். எடுக்கவில்லை. நெற்றியைத் தடவினார். குளிர்காற்றில் வேர்வை காய்ந்துபோயிருந்தது. மறுபடி தொட்டார். எடுக்கவில்லை. கோடு எங்களுக்குக் கீழே நழுவிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து எனக்குக் கை எட்டாது. அப்போது அண்ணன் விரலைக் கண் பக்கம் கொண்டுபோனார். கிழக்குக் கண்ணா மேற்குக் கண்ணா, நான் பார்க்கவில்லை. திரும்ப வந்து திரையைத் தொட்டார். ஒரு சின்ன நீலப் புள்ளி விழுந்தது.

ஊருக்கு வந்ததும் டீக்கடையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். "என்னா அண்ணே, தெக்கு கெடைச்சுதா?" என்றான் ஒருவன்.

அண்ணன் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். "வாய்க்கா இருக்குது. புள்ளி வெச்சிட்டு வந்திருக்கேன். ஆனா நான் சொன்னது தெக்கு இல்ல. நாப்பது வருசமா தப்பாச் சொல்லியிருக்கேன்."

சிரிக்கத் தயாராக இருந்தவர்கள்கூட டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புள்ளி வைத்த இடத்தில் முதலாளி மூன்றாவது தடவை தோண்டினார். ஒரு ஆள் ஆழத்தில் களிமண் வந்தது. அடுத்த பௌர்ணமிக்குக் கடல் பொங்கும் ஓதத்தில் தெற்கு அளத்துக்குத் தண்ணீர் ஏறியது. இறால் பண்ணைப் பேச்சு அதோடு போனது.

அண்ணன்தான் மாறிப்போனார். "தெக்கால" என்பதை விட்டுவிட்டார். "அந்தப் பக்கம்", "இந்தப் பக்கம்" என்று கையைக் காட்டினார். அந்தக் கையும் பாதியில் நின்றுவிடும். சில நேரம் என்னிடம் வந்து, "ஏம்பா, போன்ல பாரு, எது தெக்கு?" என்று மெதுவாகக் கேட்பார். நான் காட்டுவேன். தலையை ஆட்டிக்கொண்டு போவார். உப்பு டப்பா எங்கே என்றால் எடுத்தே கொடுத்துவிடுகிறார் என்று அண்ணி என்னிடம் சொல்லி அழுதார்.

போன ஆடியில் அண்ணன் இறந்துபோனார். தெற்கு அளத்தை ஒட்டித்தான் எங்கள் சுடுகாடு. தலை தெற்கே இருக்கும்படி புதைப்பது வழக்கம். குழிக்கு அளவெடுக்க அவர் மச்சான் போனை எடுத்தார். "இருங்க, தெக்கு எதுன்னு கரெக்ட்டா பாத்துடலாம்."

"போன உள்ள வையிங்க!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கத்தியது யார் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். நான்தான். சொல்ல வந்ததை முழுசாகச் சொன்னேன்.

"மலைய மேக்கால வெச்சுக்கங்க. அதுக்குத் தெக்கால அவரு தலைய வையிங்க."

குழிக்கு அளவு பிடித்த கயிற்றைக் கொஞ்சம் மேற்கே சாய்த்துப் பிடித்தார்கள். நல்லவேளை, அன்றைக்கு மலை பளிச்சென்று தெரிந்தது.