டேவிட்டுக்கு நான் வளர்த்த நீலப் பூ

பூச்செடியைப் பிடுங்கி வேலிக்கு வெளியே எறிந்துவிட்டு, களைக்கு இரண்டு வேளை தண்ணீர் ஊற்றி, வெயில் படாமல் பந்தல் போட்டு, "எப்படி வளர்றான் பாரு" என்று பூரித்துப்போன முட்டாள் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். (இன்னொருவர் இருந்தால் எழுதுங்கள், சங்கம் ஆரம்பிக்கலாம்.) இதில் கேவலம் என்னவென்றால், அப்போது எனக்குச் சம்பளமே களையை ஒழிப்பதற்குத்தான்.

மலாயாவில், லூபோக் சீனா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வெளிக்காட்டுக் கிராணி நான், அதாவது வெளிவேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை. ரப்பர் மரத்தடியில் ஒரு புல் தலைகாட்டினாலும் களையெடுக்கும் பெண்களை வாட்டி எடுத்துவிடுவேன். கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் புகுந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட அவசரகாலம் அது. வீடுகளைச் சுற்றி முள்வேலி, கேட்டில் சோதனை, பொழுது சாய்ந்தால் ஊரடங்கு.

பெரிய கிராணியின் மகன் டேவிட் என் சிநேகிதன். யாழ்ப்பாணத்துக் குடும்பம். துரை பங்களாவில் கிடந்த விதைப் புத்தகத்தில் கார்ன்ஃப்ளவர் என்ற நீலப் பூவின் படத்தைப் பார்த்ததிலிருந்து அவனுக்கு வேறு பேச்சே இல்லை. "இந்தப் பச்சைக் காட்டுக்குள்ள ஒரு நீலம் பூக்க வைக்கிறன், பாரடா" என்று சீமைக்கு எழுதிப்போட்டான். விதை கப்பலில் வந்துகொண்டிருந்தபோது, டவுனுக்குப் போன தோட்டத்து லாரியைக் காட்டுக்குள்ளிருந்து சுட்டார்கள். டேவிட் முன்சீட்டில் இருந்தான்.

மூன்று வாரம் கழித்துப் பொட்டலம் வந்தது.

அவன் அம்மா அதை என் கையில் வைத்தார். "தம்பி, செடி கொடி விஷயம் உமக்குத்தானே தெரியும். அவன்ர பிறந்தநாளுக்கு இன்னும் மூண்டு மாசம் கிடக்கு. ஒரு பூவெண்டாலும் கல்லறையில வைக்கோணும்."

"ஒண்ணு என்னாம்மா, ஒரு கூடையே கொண்டாறேன்" என்றேன். (வாய்க்கு மட்டும் ஊரடங்கு போட மறந்துவிட்டார்கள்.)

ஒவ்வொரு விதையும் எறும்பு முகச்சவரம் செய்துகொள்ளும் பிரஷ்போலக் குஞ்சம் வைத்து இருந்தது. என் வீட்டுக்குப் பின்னால் பாத்தி கட்டி விதைத்தேன். பத்தாம் நாள் முளைத்தது. ஆனால் இரண்டு வகை. ஒன்று ஒல்லியாக, சாம்பல் பூத்து, காய்ச்சலில் கிடந்து எழுந்ததுபோல. இன்னொன்று அகல இலையோடு கொழுகொழுவென்று. பொட்டலத்தில் பூவின் படம் மட்டும்தான், இலை இல்லை. சீமைச் செடி துரை மாதிரி திடகாத்திரமாகத்தானே இருக்கும்? ஒல்லிகளை எல்லாம் பிடுங்கினேன். தொழில்காரன் கை, ஒரு வேர்கூட மிஞ்சவில்லை.

கொழுத்தது வளர்ந்தது, மொட்டு விட்டது, பூத்தது. நீலம்! வெளுத்த நீலம், படத்தில் இருந்ததில் கால்வாசி அளவு. நம்ம ஊர் வெயிலில் சாயம் போயிருக்கும் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

பிறந்தநாள் காலையில் கட்டாகக் கட்டி, ஈரத்துணி சுற்றி, கேட்டுக்கு வந்தேன். சோதனை வரிசையில் களையெடுக்கும் அஞ்சலை அக்கா நின்றிருந்தார்.

"என்னா கிராணி, கோழிப்பீச் செடிய மாப்பிள்ளை மாதிரி தூக்கிக்கிட்டுப் போறீங்க?"

"சீமைப் பூ இது, அக்கா. உனக்கென்ன தெரியும்?"

"எனக்கா தெரியாது? நேத்து இதுல ரெண்டு விட்டுட்டேன்னு நீங்கதான லா என்னை அந்த ஏசு ஏசுனீங்க! கசக்கி மோந்து பாருங்க."

கசக்கினேன். கோழிக்கூண்டுக்குள் தலையை விட்டதுபோல இருந்தது. வரிசை முழுக்கச் சிரித்தது. எனக்கு வேலியோரம் வாடிக் கிடந்த அந்த ஒல்லிச் செடிகள்தான் ஞாபகம் வந்தன. டேவிட் கடைசியாக ஆசைப்பட்டுக் கேட்டது. கடல் தாண்டி வந்ததை நான் கொல்லைப்புறத்தில் கொன்றுவிட்டேன்.

தேவாலயத்துக் கல்லறையில் அவன் அம்மா காத்திருந்தார். வெறுங்கையோடு போக எனக்குத் தைரியம் இல்லை. நான் நீட்டிய பூக்கட்டை வாங்கி முகத்தருகே கொண்டுபோனார். பிறகு அதை மண்மேல் வைத்துத் தடவிக்கொடுத்தார். நான் உண்மையைச் சொல்லாமலே திரும்பிவிட்டேன். கோழை.

அடுத்த பிறந்தநாளுக்குப் போனால், கல்லறை முழுக்க அதே செடி. நான் கொண்டுபோன கட்டிலிருந்து விதை உதிர்ந்து, சிலுவையின் கால்வரை நீலமாக மூடிக்கிடந்தது. அதற்குமேல் என்னால் முடியவில்லை. எது பூ, எது களை, எதைப் பிடுங்கினேன் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அழுகையை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வேலைதான் கைகொடுத்தது. மண்டியிட்டு, "இதையாவது சுத்தமா பிடுங்கிடறேம்மா" என்று கையை நீட்டினேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அன்று அவர் சொன்னதைத்தான், நான் வாசலில் எந்தச் செடிப் பக்கம் குனிந்தாலும் என் மனைவியும் பிள்ளைகளும் யாழ்ப்பாண ராகத்தோடு சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் சிரிப்பேன், பாதிவரைக்கும்.

"நீர் பிடுங்கினது போதும், தம்பி."