பச்சையில் எந்தப் பச்சை?

மரம் நடுகிறவரை உங்களுக்குத் தெரியும். குப்பை பொறுக்குகிறவரைத் தெரியும். இவர்கள் இருவருக்கும் நடுவில், கையில் மண் படாமல், கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒரு கண்ணைச் சுருக்கி, "கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நடுங்களேன்" என்று சொல்லியபடி ஒருவர் நிற்பாரே, அவரைத் தெரியுமா? இன்று அவரைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

மாணவர்கள் நடத்தும் சுற்றுச்சூழல் குழுக்களில் அவருக்குப் பட்டங்கள் பல. வடிவமைப்புப் பொறுப்பாளர் என்பார்கள், தகவல் தொடர்புத் தலைவர் என்பார்கள், சில இடங்களில் இரண்டும் சேர்ந்து அழைப்பிதழில் ஒரு வரி போதாமல் இரண்டாம் வரிக்கு ஓடும். இளைய மாணவர்கள் சுருக்கமாகக் கலரண்ணன் என்பார்கள். நான் ஒரு கல்லூரி வாசலுக்கு எதிரே அச்சுக்கடை வைத்திருக்கிறேன். வருஷா வருஷம் ஒரு கலரண்ணன் படிப்பு முடிந்து போவார், அடுத்தவர் வருவார். முகம்தான் மாறும். அதே கேமரா, அதே கண் சுருக்கல்.

ஒரு வேலை ஆரம்பித்தால் மற்றவர்கள் எங்கே தொடங்கலாம் என்று யோசிப்பார்கள், இவர் என்ன பெயர் வைக்கலாம் என்று யோசிப்பார். ஒருமுறை விடுதிக் குளியலறைகளில் ஒழுகுகிற குழாய்களைச் சரிசெய்ய ஒரு குழு கிளம்பியது. வாஷர் மாற்றினால் தீர்ந்தது விஷயம். ஆனால் பெயர் இல்லாமல், லோகோ இல்லாமல், பனியனில் அச்சடிக்க ஒரு வாசகம் இல்லாமல் எந்த மனிதனாவது வாஷர் வாங்கப் போவானா? லோகோ நாலைந்து தரம் என் கடைக்கு வந்து போனது. முடிவில் ஒரு துளி, துளிக்குள் இலை, இலைக்குள் பூமி உருண்டை, உருண்டையை உற்றுப் பார்த்தால் அது சிரிக்கும். அதற்குள் விடுதிக்கு வழக்கமாக வரும் பிளம்பர் வந்து குழாயைச் சரிசெய்துவிட்டுப் போய்விட்டார். பாவம், அது ஒரு இயக்கம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அடுத்தது பச்சை. உங்களுக்கும் எனக்கும் பச்சை என்றால் பச்சை. அவருக்கு அப்படியா?

"அங்கிள், இந்தப் பச்சை கொஞ்சம் சோகமா இருக்கு."

"வேற போடவா?"

"போடுங்க. ஆனா ரொம்ப சந்தோஷமாவும் வேண்டாம். நம்பிக்கை தெரியணும், அடியில லேசா ஒரு கவலையும் இருக்கணும்."

நம்பிக்கையும் கவலையும் கலந்த மை எந்த டப்பாவில் வருகிறது என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் வியாபாரம் ஆயிற்றே, ஒவ்வொரு பச்சைக்கும் ஒரு தாள் அடித்துக் காட்டுவேன். போன் திரையைத் தாளுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பார், வாசலுக்குப் போய் வெயிலில் பார்ப்பார், உள்ளே வந்து உதட்டைப் பிதுக்குவார். மேஜை நிறையத் தாள் சேர்ந்துவிடும். காகிதத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கச் சொல்லும் சுவரொட்டி அது.

பொய்க்காரர் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். தங்கமான பிள்ளை. பனிப்பாறை உருகுவதைப் பற்றிப் பேசும்போது அவருக்கு நிஜமாகவே கண் கலங்கும். கலங்குகிற நேரத்திலேயே முகத்தில் வெளிச்சம் சரியாக விழுகிறதா என்றும் பார்த்துக்கொள்வார், அவ்வளவுதான். படம் எடுப்பதற்கென்றே தொட்டியில் ஒரு மரக்கன்று வளர்க்கிறார். போகிற இடமெல்லாம் அதுவும் கூடப் போகும். எத்தனையோ உள்ளங்கைகளில் உட்கார்ந்து எழுந்த அந்தக் கன்றை இன்றுவரை யாரும் தரையில் நட்டதில்லை.

என் அக்கா மகள் விஷயத்தில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்கு இந்த இனம் முழுசாக விளங்கிவிடும்.

அவள் அந்தக் கல்லூரியில்தான் படிக்கிறாள். விடுதிச் சமையலறைக்குப் பின்னால் கிடந்த காலி இடத்தில் வரிசையாகத் தொட்டி கட்டி, சாப்பாட்டுக் கூடத்து மிச்சத்தைப் போட்டு, மண்புழு வளர்த்து உரம் எடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் அவளைப் புழு டாக்டர் என்று கூப்பிடுவார்கள். சாப்பாட்டுக் கூடத்து வாசலில் மூன்று வாளி வைத்திருந்தாள்: சிவப்பு, நீலம், மஞ்சள். பார்சல் பெட்டியைக் கிழித்த அட்டையில், கோணல் கையெழுத்தில், ஒவ்வொன்றின் மேலும் எழுதி ஒட்டியிருந்தாள். சிவப்பு வாளியில் இருந்தது இது: "சாப்பாட்டு மிச்சம் மட்டும். சோப்புத் தண்ணி ஊத்தினா புழு செத்துடும். நான் அழுவேன்."

எல்லோரும் படித்தார்கள், சிரித்தார்கள், சொன்னபடி போட்டார்கள். பெண் பிள்ளை அழுவேன் என்கிறாள், யாருக்குத்தான் மனசு வரும்?

அந்த இடத்தின் மேல் கல்லூரி அலுவலகத்துக்கு ஒரு கண். வண்டி நிறுத்த வேண்டுமாம். விடுதிக் காப்பாளர் அவளுக்காகப் பேசிப் பார்த்தார். முதல்வரும் சில ஆசிரியர்களும் குழுவாக வந்து பார்ப்பது, தொட்டி ஒழுங்காக இருந்தால் இடம் புழுவுக்கு, இல்லாவிட்டால் வண்டிக்கு என்று முடிவாயிற்று. குழு வர ஒரு வாரம் இருக்கும்போது கலரண்ணன் வந்து சேர்ந்தார். உதவி செய்யத்தான் வந்தார். அதுதான் சிக்கலே.

"என்னம்மா இது, பார்சல் அட்டையில எழுதி ஒட்டியிருக்கே?"

"எல்லாரும் படிக்கிறாங்கண்ணா."

"படிக்கிறாங்க சரி. உணர்றாங்களா?"

அவள் அட்டையை ஒருமுறை படித்துப் பார்த்தாள். அவர் விடவில்லை.

"'செத்துடும்'னு போட்டிருக்கே, அது மிரட்டுற மாதிரி இருக்கு. 'அழுவேன்'னு வேற. பெரியவங்க வர்ற அன்னிக்கு இதையா காட்டப் போற? இடம் உனக்கு வேணுமா, வேண்டாமா?"

"வேணும்ணா."

"அப்ப என்கிட்ட விடு."

விட்டாள். நல்ல நாளிலேயே கலரண்ணனுக்குத் தூக்கம் குறைச்சல், இப்போது கேட்கவே வேண்டாம். மூன்று வாளிக்கும் மேலிருந்து கீழ்வரை சுற்றி ஒட்டும்படி வினைல் ஸ்டிக்கர் வடிவமைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். பின்னாலேயே அவளும் வந்தாள். ஒன்று இளம்பச்சை, ஒன்று நடுத்தரப் பச்சை, ஒன்று முற்றிய பச்சை. ஒன்றின் நடுவில் துளி, இன்னொன்றில் இலை, மூன்றாவதில் வட்டம்.

"எழுத்து எங்க தம்பி?" என்றேன்.

"எழுத்தே கிடையாது அங்கிள். படம் பேசும்."

"அண்ணா, அடியில சின்னதா ஒரு வரி போட்டுடலாமே," என்றாள் அவள்.

"போட்டா மூச்சு முட்டும்மா. டிசைன் மூச்சு விடணும்."

துளி என்றால் ஈரக் குப்பை, அதாவது சாப்பாட்டு மிச்சம், அது புழுவுக்கு. இலை என்றால் மரம், மரம் என்றால் காகிதம். வட்டம் என்றால் சுழற்சி, ஆகவே பாட்டில், டப்பா வகையறா. அவர் விளக்கியபோது கண்ணாடி மாதிரி தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு வாளிக்குப் பக்கத்திலும் அவர் நிற்க முடியாதல்லவா? நிறத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்றார். மூன்றையும் ஒட்டி வைத்து, பகல் வெளிச்சத்தில், ஒரு அச்சுக்கடைக்காரன் பார்த்தால் கண்டுபிடிக்கலாம். சாப்பாட்டுக் கூடத்திலோ எரிவது ஒரு ட்யூப்லைட், எரியாதது மூன்று.

ஸ்டிக்கர் ஒட்டிய முதல் நாள் மத்தியானம் நடந்ததை அவளே வந்து சொன்னாள். சாப்பிட்ட கையோடு இரண்டு பையன்கள் வாளிகளின் முன்னால் பரீட்சை எழுத வந்தவர்கள் மாதிரி நின்றிருக்கிறார்கள்.

"இலைன்னா என்னடா?"

"காய்கறியா இருக்கும்."

"நான் காயே சாப்பிடல. அப்ப மிச்சத்தை எதுல போட?"

"துளியில போடு."

"துளின்னா தண்ணிடா. கை கழுவச் சொல்றாங்க."

அவன் துளியிலேயே கை கழுவினான். சோப்புப் போட்டுத்தான். அவனைப் பார்த்து அடுத்தவன் கழுவினான். அடுத்தவன் ஆறின டீயை ஊற்றினான். வட்டத்தைக் கண்ட முதலாமாண்டுப் பெண் ஒருத்தி, ஐயம் திரிபறப் புரிந்துகொண்ட முகத்தோடு, சாப்பிட்ட தட்டை அதற்குள் இறக்கிவிட்டுப் போனாள். வட்டமாக வேறு என்ன இருக்கிறது அங்கே? அவளுக்குப் பின்னால் வரிசையே தட்டை இறக்கியது. மாலையில் சமையலறையில் தட்டுத் தட்டுப்பாடு வந்து, குப்பையைக் கிளறிக் கழுவி எடுத்தார்களாம்.

துளி வாளியில் மேலாகக் கண்ணில் பட்டதையெல்லாம் அவள் பொறுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தைத் தொட்டியில் போட்டாள். கரைந்துபோன சோப்பைப் பொறுக்க முடியுமா? குழு வருவதற்கு முதல் நாள் போன் வந்தது.

"மாமா, எல்லாம் வெளியில வருது."

"என்ன வருது?"

"புழு. தொட்டி விளிம்புல ஏறி ஏறி வருது மாமா. உள்ள இருக்க முடியல அதுங்களுக்கு."

அட்டையில் சொல்லியிருந்தபடியே அழுதாள். அந்த ஸ்டிக்கரை என் இயந்திரத்தில்தான் அச்சடித்தேன்.

பழைய அட்டைகளைத் திரும்ப ஒட்டிவிடட்டுமா என்று கலரண்ணனிடம் கேட்டிருக்கிறாள். நாளைக்குக் குழு வரும்போதா, ஜனங்கள் பழகக் கொஞ்ச நாள் ஆகும் என்றிருக்கிறார் அவர். ஆனாலும் மனசு கேட்காமல் ஒரு வழி கண்டுபிடித்தார். எந்தப் படத்துக்கு என்ன பொருள் என்று விளக்கி ஒரு பலகை. வெளிர்பச்சைப் பின்னணியில் இன்னும் கொஞ்சம் வெளிர்பச்சை எழுத்து. அதை மாட்டிய பிறகு மாணவர்கள் வாளியையும் பார்த்து, பலகையையும் பார்த்து, குப்பையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்கள்.

குழு வந்தது. வாளிகளின் முன்னால் நெடுநேரம் நின்றது. கேட்டுக் கேட்டு வியந்தது. துளியோடு ஒரு படம், இலையோடு ஒரு படம், வட்டத்தோடு எல்லோரும் சேர்ந்து ஒரு படம். பிறகு யாருக்கோ ஞாபகம் வந்து தொட்டி எங்கே என்று கேட்க, அவள் மூடியைத் திறந்தாள். எல்லோருடைய கைக்குட்டையும் மூக்குக்குப் போயிற்று.

"பிரசாரம் பிரமாதம். இடத்தை வண்டிக்குக் குடுத்துடலாம்," என்றார் முதல்வர், ஒரே மூச்சில்.

கலரண்ணனுக்குப் பாராட்டுச் சான்றிதழ். அவர் அதில் மகிழ்ந்துவிடவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். நேரே அவளிடம் போனார். விளிம்பிலும் தரையிலும் கிடந்த புழுக்களை அவள் ஒரு வாளியில், ஈரமண் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் மனசு கஷ்டமாத்தாம்மா இருக்கு. இந்த வலியை நாம ஒரு கதையா சொல்லணும்," என்று கேமராவை எடுத்தார். "அந்தக் கையை மட்டும் கொஞ்சம் வெளிச்சத்துக்குக் கொண்டு வா."

"புழுவுக்கு வெளிச்சம் ஆகாதுண்ணா," என்று சொல்லிவிட்டு, அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

மறுவாரம் அவர் கடைக்கு வந்தார். 'பசுமை வாகன நிறுத்தம்' என்று ஒரு பலகை வேண்டுமாம், அலுவலகம் அவரிடமே கொடுத்திருக்கிறது. இந்த முறை எழுத்து உண்டு.

கேமராவும் கல்லூரியும் இல்லாததால் இந்த இனத்தில் நீங்கள் சேர்த்தியில்லை என்று நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறீர்கள். நல்லது, உட்காருங்கள். நடைப்பயிற்சிக்கு முதலில் காலணி, அப்புறம் அதற்குப் பொருத்தமான தொப்பி, அப்புறம் மழைக்காலம் என்று நீங்கள் நடக்காமலே போனதெல்லாம் வேறு கணக்கு, அதை விட்டுவிடலாம். ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். தட்டு குப்பைக்குள் போன இடத்தில் சிரித்தீர்கள். இதை யாருக்கு அனுப்பலாம் என்று ஒரு முகம்கூட நினைவுக்கு வந்திருக்கும். நடை நன்றாக இருக்கிறது, இடையில் கொஞ்சம் வெட்டியிருக்கலாம் என்றும் தோன்றியிருக்கும். எல்லாம் சரி. வாளியில் போன அந்தப் புழுக்கள் பிழைத்தனவா என்று ஒரு தரமாவது கேட்கத் தோன்றியதா?

பாதிக்கு மேல் பிழைத்துவிட்டன. நீங்கள் கேட்டிருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.