கைவச்சதாருவும் ஆடி மாதத்து மெயிலும்

உலகத்தில் எந்த சர்வரும் தானாகக் கெட்டுப்போனதில்லை என்று நம்பிய மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். புயலில் கம்பம் சாய்ந்து எங்கள் மதுரையில் கோச்சடை முழுக்கக் கரண்ட் இல்லாமல் கிடந்தாலும், "அதெல்லாம் கெடக்கட்டும், இதுல கை வச்சது யாரு?" என்றுதான் ஆரம்பிப்பார். கேட்டுக் கேட்டு அவருக்குக் கைவச்சதாரு என்றே பெயர் விழுந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று கண்டிப்பாக இருந்திருக்கும். அதை அவர் வீட்டிலாவது யாராவது ஞாபகம் வைத்திருந்தார்களா என்பது சந்தேகம்தான்.

அவருக்குத் தொழில், கம்பெனிகளின் மெயிலைச் சரி செய்வது. இப்போதெல்லாம் எங்கள் ஊரில் கம்பெனி என்று ஒன்றைத் திறந்தால் அதன் சொந்தப் பெயரில் ஒரு மெயில் முகவரி இருந்தாக வேண்டும். உட்கார ஒழுங்கான நாற்காலி இருக்காது, மெயில் முகவரி இருக்கும். அதை எவனோ ஒருவன் அமைத்துக் கொடுத்துவிட்டு துபாய்க்குப் போயிருப்பான். பாஸ்வேர்டும் அவனோடு விமானம் ஏறியிருக்கும். ஒரு நாள் காலையில் 'சர்வருடன் இணைக்க முடியவில்லை' என்று திரையின் நடுவில் ஒரு பெட்டி வந்து சட்டமாக உட்காரும். உடனே வில்லாபுரத்தில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போன் போகும். அரை மணி நேரத்தில் ஒரு பழைய ஸ்கூட்டரில், தோளில் ஜோல்னாப் பையோடு கைவச்சதாரு வந்து இறங்குவார்.

வந்தவர் கம்ப்யூட்டரைப் பார்ப்பார் என்று நினைத்தால் நீங்கள் அவரை அறியாதவர். நாற்காலியை எடுத்து, கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டிப் போட்டு உட்காருவார். பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுப்பார். வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரணை நடக்கும். நேற்று வீட்டுக்குப் போகும்போது எந்த ஸ்விட்சை முதலில் அமத்தினாய், ஏன் அதை முதலில் அமத்தினாய், அப்போது பக்கத்தில் யார் நின்றார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதுவார். கொலைக் கேஸில்கூட இம்புட்டுக் கேள்வி இருக்காது என்று எங்கள் பக்கத்து அலுவலக வாட்ச்மேன் ஒரு தடவை அழாத குறையாகச் சொன்னார்.

எந்த அலுவலகத்திலும் எல்லாரும் சொல்கிற பதில் ஒன்றுதான்: "நான் ஒண்ணும் பண்ணலைண்ணே." அதையும் பெயர் போட்டு, நேரம் போட்டுக் குறித்துக்கொள்வார். மதுரையில் ஒன்றுமே பண்ணாதவர்களின் முழுப் பட்டியல் அவரிடம் மட்டும்தான் இருந்தது. கடைசியில் குற்றவாளி யாரென்று தெரிந்ததும் எழுந்து நின்று, எல்லார் காதிலும் விழும்படி பெயரை வாசிப்பார். அதில் தயவு தாட்சண்யம் கிடையாது. முதலாளியின் மாமனாராக இருந்தாலும் வாசித்துவிட்டுத்தான் காபி குடிப்பார்.

திருப்பரங்குன்றத்தில் ஒரு பாத்திரக்கடை. அங்கிருந்து மெயில் போகும், ஒன்றுகூடத் திரும்பி வராது. மூன்று பேர் வந்து செட்டிங்கை மாற்றி, மாற்றியதை மாற்றி, கடைசியில் சர்வரே சரியில்லை என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். கைவச்சதாரு வந்து முதலாளியையே கூண்டில் ஏற்றினார். வருகிற மெயிலை அழிப்பீர்களா என்று கேட்டார். அழிப்பேன் என்றார் அவர். எல்லாவற்றையுமா என்றார் இவர். சாமி படத்தை மட்டும் அழிப்பதில்லை என்று முதலாளி ஒப்புக்கொண்டார். சொந்தக்காரர்களும் ஏஜெண்டுகளும் தினமும் காலை வணக்கத்தோடு அனுப்பிய முருகன் படங்கள் வருடக்கணக்கில் சேர்ந்து, மெயில் பெட்டி கழுத்துவரை நிரம்பி நின்றது. புது மெயில் நுழைய இடமில்லை.

"அழிச்சிருங்கண்ணே, சரியாயிரும்."

"ஏப்பா, மலையடிவாரத்துல உக்காந்துக்கிட்டு முருகனை டெலீட் பண்ணச் சொல்றியா?"

கைவச்சதாரு வாதாடவில்லை. கம்ப்யூட்டரின் உள்ளேயே தனியாக ஒரு ஃபோல்டர் திறந்து, 'பூஜை ரூம்' என்று பெயர் வைத்து, அத்தனை முருகனையும் பெட்டியிலிருந்து அங்கே குடியேற்றினார். அதையும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்துதான் செய்தார். தேங்கியிருந்த ஆர்டரெல்லாம் அடுத்த நிமிஷமே வந்து கொட்டியது. முதலாளி சந்தோஷத்தில் கை கூப்பிக்கொண்டிருக்க, இவர் எழுந்து நின்று, கடையில் குக்கர் வாங்க வந்தவர்கள் முன்னால், "கை வைக்க வேண்டியதுல கை வைக்காம இருந்தது மொதலாளி" என்று வாசித்துவிட்டு இறங்கினார்.

மெயில் சேவை தரும் கம்பெனிக்காரர்களையும் அவர் விட்டதில்லை. ஏதோ ஒரு பெருநகரத்திலிருந்து ஒரு பையன் நுனிநாக்கு இங்கிலீஷில், போர்ட் எண்ணைச் சரிபார்த்தீர்களா, பாஸ்வேர்டைச் சரிபார்த்தீர்களா என்று மனப்பாடமாக ஒப்பிப்பான். இவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆல் ஓகே தம்பி. யுவர் சைடு, ஹூ புட் ஹேண்ட்?" என்பார். அந்தப் பையன் யாரிடமோ போய்க் கேட்டுவிட்டு வருவான். பிறகு அங்கேயும் யாரும் ஒன்றும் பண்ணவில்லை என்று பதில் வரும். அதையும் நோட்டில் எழுதிக்கொள்வார்.

இத்தனை பெருமை பேசும் நானே ஒரு நாள் அந்த நாற்காலி முன்னால் போய் நிற்க வேண்டியிருந்தது. கோச்சடையில் துணிப்பை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் அப்போது நான் பில் போடும் வேலையில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மெயில் பார்த்தது செல்வராணி அக்கா. பதினோரு வருஷ சர்வீஸ். வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவர் ஒருவர்தான். அந்த வருஷம்தான் மகளை நர்சிங் சேர்த்திருந்தார். மெயில் வருகிற ஒரே கம்ப்யூட்டர் அக்காவுடையது. பிரிண்டரும் அதில்தான் மாட்டியிருந்தது. யாரும் சினிமா பார்த்துவிடக் கூடாது என்று அதில் இன்டர்நெட்டில் வேறு எதையும் திறக்க முடியாதபடி முதலாளி செய்து வைத்திருந்தார்.

அது ஆடி மாதம். ஹாலந்திலிருந்து ஒரு கடைக்காரர் பெரிய ஆர்டர் ஒன்றுக்கு ஒப்பந்தம் அனுப்பச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை நம் நேரப்படி சாயங்காலம் ஆறு மணிக்குள் கையெழுத்துப் போட்டு, கம்பெனி மெயிலிலிருந்தே அனுப்ப வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று கறாராக எழுதியிருந்தார். எங்கள் முதலாளி அதைவிடக் கறார். ஆடியில் புதுக் காரியத்துக்குக் கையெழுத்துப் போட மாட்டார். ஹாலந்துக்காரருக்கு ஆடி தெரியாது, எங்கள் முதலாளிக்கு ஹாலந்து தெரியாது. கடைசியில் முதலாளியே ஒரு வழி கண்டுபிடித்தார். காகிதத்தில் ஆவணி ஒன்றாம் தேதி போட்டு அடித்தால் ஆடி தோஷம் இல்லை. மெயில் என்பது காற்றில் போகிற சமாசாரம், அதற்கு மாதம் கிடையாது. இந்தச் சாஸ்திரம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்க எங்களில் யாருக்கும் தைரியம் இல்லை.

அடிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. எங்கள் சாஃப்ட்வேர் கம்ப்யூட்டரின் தேதியைத்தான் காகிதத்தில் போடும், நாமாகத் தேதி அடிக்க விடாது. அக்கா சாப்பிடப் போயிருந்த வியாழக்கிழமை மத்தியானம், அவர் இடத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டரின் தேதியையே ஆவணி ஒன்றுக்குத் தள்ளினேன். பிரிண்ட் வந்தது. ஏதோ பெரிய மூளைக்காரன் மாதிரி எனக்கே ஒரு மிதப்பு. அந்த மிதப்பில் தேதியைத் திருப்பி வைக்காமல் எழுந்து வந்துவிட்டேன். மணி சரியாகத்தான் ஓடியது, தேதியை யார் பார்க்கிறார்கள்? அன்றைக்கு மிச்சப் பொழுதில் அக்கா மெயிலைத் திறக்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் முதலாளி காகிதத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் கையெழுத்துப் போட்டார். அக்கா அதை ஸ்கேன் பண்ணி அனுப்பப் பார்த்தார். சர்வருடன் இணைக்க முடியவில்லை என்று பெட்டி வந்து உட்கார்ந்தது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார்கள், ரௌட்டரை அணைத்துப் போட்டார்கள், வயரைப் பிடுங்கி ஊதிச் சொருகினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பாஸ்வேர்ட் துபாயில் இருந்ததால் வேறு எதிலிருந்தும் அனுப்பவும் வழியில்லை. மத்தியானம் முதலாளி ஹாலில் எல்லார் முன்னாலும் அக்காவைப் பார்த்து, அந்தக் கம்ப்யூட்டர் உன் பொறுப்பு, ஆறு மணிக்குள் மெயில் போகவில்லை என்றால் நாளையிலிருந்து நீ வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அக்கா கீபோர்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மூன்று மணிக்குக் கைவச்சதாரு வந்தார். வழக்கம்போல முதுகைக் காட்டி உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். முதலாளிக்கு ரத்தம் கொதித்தது.

"ஏப்பா, மொத கம்ப்யூட்டரைப் பாருப்பா. மணி ஆகுதுல்ல."

"கம்ப்யூட்டர் எங்கயும் ஓடாதுண்ணே. ஆறு மணியானா ஆளுகதான் ஓடிருவாங்க."

என் முறை வந்தபோது மணி ஐந்து. நேற்று மத்தியானம் எங்கே உட்கார்ந்திருந்தாய் என்று கேட்டார். தேதிக்கும் மெயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அங்கே உட்கார்ந்தது நான்தான் என்பது தெரியும், அதைச் சொன்னால் அக்காவுக்குப் பதில் நான் போக வேண்டும் என்பதும் தெரியும். "என் சீட்லதாண்ணே. நான் ஒண்ணும் பண்ணலை" என்றேன். இரண்டடி தள்ளி அக்கா நின்றுகொண்டிருந்தார். சொல்லி முடித்ததும் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. இருந்தாலும் வாயைத் திறக்கவில்லை.

அவர் எழுதிவிட்டு, அனுப்ப வேண்டிய காகிதத்தைக் காட்டச் சொன்னார். வாங்கிப் பார்த்தார். சுவரில் இருந்த தினசரி காலண்டரைப் பார்த்தார். யார் அடித்தது என்று கேட்கவே இல்லை. பில் போடுகிறவன்தான் அடித்திருப்பான் என்று அவருக்கே புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அன்றைக்கு முதல் தடவையாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. தேதியை ஆடிக்குக் கொண்டுவந்துவிட்டு, அக்காவைக் கூப்பிட்டு அனுப்பச் சொன்னார். மெயில் போயிற்று. கால் மணி நேரத்தில் ஹாலந்துக்காரர் நன்றி சொல்லிப் பதிலும் போட்டுவிட்டார்.

விஷயம் இதுதான்: சர்வர் நம்மோடு பேசுவதற்கு முன்னால் ஓர் அடையாள அட்டையைக் காட்டும். அதற்குக் காலாவதி தேதி உண்டு. ஆவணி பிறந்துவிட்டது என்று நம்பிய எங்கள் கம்ப்யூட்டர், ஆடிக் கடைசிவரைதான் செல்லும் அந்த அட்டையைச் செல்லாது என்று தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறது. இது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்ததெல்லாம் முதலாளி எழுந்து நின்றதுதான்.

"யாருய்யா கை வச்சது? பேரைச் சொல்லு. அவனை இன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்புறேன்."

கைவச்சதாரு எழுந்து நின்றார். வாசிக்கப் போகிறார் என்று ஹாலே காத்திருந்தது.

"யாரும் கை வைக்கலைண்ணே. உள்ள வாட்ச்சுக்குப் போடுற மாதிரி ஒரு பேட்டரி இருக்கு. அது தீந்துபோச்சு, தேதி அதுபாட்டுக்கு முன்னால ஓடிருச்சு."

பேட்டரி தீர்ந்தால் தேதி பழைய வருஷத்துக்குத்தான் போகும், முன்னால் ஓடி மிகச் சரியாக ஆவணி ஒன்றில் போய் நிற்காது. தொழில் தெரிந்த எவன் கேட்டாலும் சிரித்திருப்பான். எங்கள் முதலாளி சிரிக்கவில்லை. "பாத்தீங்களா, ஆடி மாசம் பேட்டரிக்கே ஆகலை" என்று எல்லாரையும் பெருமையாகப் பார்த்தார்.

நான் ஸ்கூட்டர் வரைக்கும் பின்னாலேயே போனேன். அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "மொதலாளிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம் தம்பி. அந்தப் பிள்ளைட்ட மட்டும் போய் சொல்லிரு" என்றார். போய்ச் சொன்னேன். அக்கா என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "பயந்துட்டியாக்கும்" என்று மட்டும் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலையில், யாரும் கூப்பிடாமலே கைவச்சதாரு வந்து நின்றார். யாரையும் விசாரிக்கவில்லை. கம்ப்யூட்டரைக் கழற்றி, உள்ளே நன்றாக வேலை செய்துகொண்டிருந்த பேட்டரியைப் பெயர்த்து எடுத்துவிட்டு, தன் சட்டைப்பையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்துப் போட்டார். ராத்திரியெல்லாம் தூக்கம் வரவில்லையாம், இதுவரைக்கும் எந்த அலுவலகத்திலும் அவர் இல்லாததைச் சொன்னதில்லையாம். மூடியைத் திருகி முடித்து, என்னைப் பார்த்து, "இப்ப சரி மாப்ள" என்றார். எனக்காக இந்த ஊரில் வேறு யாரும் அப்படிப் பொய் சொன்னதும் இல்லை, அதை மெய்யாக்க விடிந்ததும் ஓடிவந்ததும் இல்லை.