என் அண்ணனுக்குத் திசை தெரியும், மாமா

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

அன்று தொலைக்காட்சிக்காரர்களுக்கு முன்னால் நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான்: “அம்மா, அது அண்ணன் இல்லை, நான்.”

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதோடு முடிந்துவிட்டது. ஆனால் நலம் விசாரிக்காமல் பதில் சொல்வது மரியாதை இல்லை என்பதால் மறுபடி முதலிலிருந்து வருகிறேன். மருமகளின் வணக்கங்கள். உங்கள் முழங்கால் வலியும் அத்தையின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம். போன வாரம் வரை இந்த ஒரு வரியை எழுத முடியாததால்தான் உங்களுக்குக் கடிதமே போடவில்லை. இப்போது எழுத முடிகிறது. ஆசைக்கு இன்னொரு முறை எழுதிக்கொள்கிறேன்: எல்லோரும் நலம், அண்ணன் உட்பட.

உங்கள் கடிதம் வந்தது. சிவப்பு மையில் அடிக்கோடிட்ட இடங்களையெல்லாம் இரண்டு முறை படித்தேன். துறைமுகத்தில் பெரிய பெரிய கப்பல்களுக்கு வழிகாட்டி, ஒன்றைக்கூடக் கரையில் இடிக்காமல் ஓய்வு பெற்ற உங்களுடைய மருமகனை, அவனைப் பெற்றவளே உலகத்துக்கு முன்னால் திசை தெரியாதவன் என்று சொன்னது எவ்வளவு வலித்திருக்கும் என்று புரிகிறது. புவியியலில் அவன் பரிசு வாங்கிய சான்றிதழின் நகலையும், கடற்படைப் பயிற்சியில் முதலாவதாக வந்தபோது எடுத்த புகைப்படத்தையும் சேர்த்துப் பத்திரிகைகளுக்கு ஒரு மறுப்பு தயார் செய்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். “படித்த பெண் நீ, பக்கத்தில் மரம் மாதிரி நின்றுகொண்டிருந்தாயே” என்றும் கேட்டிருக்கிறீர்கள். மரம் மாதிரிதான் நின்றேன், மாமா. உங்கள் காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன், அந்த மறுப்பைத் தபாலில் போட்டுவிடாதீர்கள். அண்ணனும் இன்னும் நான்கு பேரும் நம் பக்கம் வந்துவிட்டார்கள். கடற்படை மருத்துவமனையில் பரிசோதனையும் விசாரணையும் நடக்கிறது. ஆனால் படகின் தலைவரும் என்ஜின்காரரும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை விடுவதாகப் பேச்சு. அதுவரை நம் வீட்டுப் பையன் கெட்டிக்காரன் என்பது யாருக்கும் தெரியக் கூடாது.

ஏன் என்று கேட்பீர்கள். நடந்ததில் பாதி உங்களுக்குச் செய்தியில் தெரிந்திருக்கும். அந்தக் கடலில் இரண்டு நாடுகளும் ஆளுக்கொரு கோடு போட்டு வைத்திருக்கின்றன. இரண்டு கோட்டுக்கும் நடுவில் ரோந்துப் படகின் என்ஜின் நின்றுவிட்டது. நீரோட்டம் இழுத்துக்கொண்டு போனது. அவர்களுடைய கப்பல் வந்து ஏழு பேரையும் பிடித்து, படகையும் கட்டி இழுத்துப் போய்விட்டது. வேவு பார்க்க வேண்டுமென்றே வந்தார்கள் என்று அவர்கள் சொன்னார்கள். எங்கள் படகு அங்கே வரவே இல்லை என்று நம்மவர்கள் சொன்னார்கள். வராதவனை எப்படித் திருப்பி அனுப்புவது? அதில்தான் எல்லாம் சிக்கி நின்றது. தூதர்கள் மாற்றி மாற்றி அழைக்கப்பட்டார்கள், கண்டனங்கள் போயின, கண்டனங்கள் வந்தன, நான் வேலை செய்யும் நூலகத்தில் சட்டப் புத்தக அலமாரியில் கடல் எல்லை பற்றி இருந்த எல்லாவற்றையும் நானே இரவல் எடுத்துப் படித்து முடித்தேன், முடித்தபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவு படித்தவர்களுக்கும் அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று தெரியாது என்பதுதான்.

வீட்டில் அப்பா லீவு போட்டுவிட்டுக் கெடாத பொருள்களையெல்லாம் பழுதுபார்க்கத் தொடங்கினார். ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை இறக்கினார், சொட்டாத குழாயைக் கழற்றினார், அது சொட்டத் தொடங்கியது. கடைசியில் வாசல் கதவுக்கு வந்தார். எங்கள் குடியிருப்பில் ஆறு கட்டடங்களும் ஒரே அச்சில் வார்த்தவை, கதவுகளெல்லாம் பழுப்பு. எங்கள் கதவை மட்டும் பச்சையாக்கினார். அடித்த வேகத்தில் கதவு எண்ணும் மறைந்துபோனது, “அப்புறமா எழுதிக்கலாம்” என்றார். அம்மா தினமும் அண்ணனுக்கும் சேர்த்துச் சமைத்தாள். அதை வீணாக்கக் கூடாது என்று என் தட்டில் போட்டாள். நான் இரண்டு சுற்று பெருத்திருக்கிறேன்.

இந்த நிலையில்தான் ஒரு தொலைக்காட்சிப் பெண் வந்தாள். சின்னப் பெண், என்னைவிடச் சின்னவள். அம்மா அழுவாள் என்று எதிர்பார்த்துக் கைக்குட்டைகூடத் தயாராக வைத்திருந்தாள். நேரடி ஒளிபரப்பு.

“உங்க மகன் வேவு பார்க்க வந்தார்னு அந்த நாட்டுல சொல்றாங்களேம்மா?”

“வேவா? அவனா?” என்றாள் அம்மா. “உப்பு டப்பா கண்ணு முன்னாடி இருக்கும், அம்மா உப்பு எங்கம்பான். அவன் போய் வேவு பார்த்திருந்தான்னா, அவன் சொன்னதை நம்பினவங்கதான் பாவம்.”

“ஆனா படகுல திசை பார்க்கிற பொறுப்பே அவர்கிட்டதானே இருந்துச்சு?”

“அதை யாரு குடுத்தாங்கன்னுதான் எனக்கும் தெரியல. ஆறு வயசுல கடைக்கு அனுப்பினேன். திரும்பி வரும்போது அடுத்த தெருவுல ஒரு வீட்டுக்குள்ள போயி, நம்ம வீடுன்னு நினைச்சு, காலைக் கழுவிட்டு, உக்காந்து சோறு கேட்டிருக்கான். அந்த அம்மாவும் போட்டிருக்கா. ரெண்டாவது தடவை வாங்கும்போதுதான், நம்ம அம்மா இவ்வளவு நல்லா சமைக்க மாட்டாளேன்னு சந்தேகம் வந்திருக்கு.”

மாமா, அது நான். அந்த வீட்டுச் சோறு இன்னும் நினைவிருக்கிறது. பத்து வயது அண்ணன் தெருத் தெருவாகத் தேடி, வீடு வீடாக எட்டிப் பார்த்து, என்னைக் கண்டுபிடித்துத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். ஊரில் எந்தச் சந்துக்குள் விட்டாலும் வீடு வந்து சேர்கிறவன் அவன். இன்றுவரை பேருந்தில் தூங்கிவிட்டு வேறு ஊரில் இறங்குகிறவள் நான். சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அப்போது அந்தப் பெண் சிரித்துவிட்டாள். கேமராக்காரர் சிரித்ததில் படமே குலுங்கியது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவன் பிடிபட்ட நாளிலிருந்து அவன் பெயரைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. ‘தடுத்து வைக்கப்பட்டுள்ள வீரர்’ என்றே கேட்டுக் கேட்டு, அவன் ஒரு புகைப்படமாகிக்கொண்டிருந்தான். அந்த நிமிடம் மறுபடி உப்பு டப்பா தேடுகிற ஆளாகிவிட்டான். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மா அதோடு நிறுத்துவதாக இல்லை. “இது எங்க குடும்பத்துலயே உள்ளது. எங்க அண்ணன், எத்தனை கப்பலைக் கரை சேர்த்த மனுஷன், ஒரு தடவை பஸ் ஸ்டாண்டுல—” என்று ஆரம்பித்துவிட்டாள். நான் இருமினேன். விடாமல் இருமினேன். தண்ணீர் கொடுத்தார்கள், நேரம் முடிந்துவிட்டது. அத்தை ஒரு பக்கமும் நீங்கள் ஒரு பக்கமும் ஏறிய அந்த இரண்டு பேருந்துகளின் கதை நாட்டுக்குத் தெரியாமல் போனது இந்த மரத்தால்தான்.

அன்று மாலையே அந்த நாட்டுத் தொலைக்காட்சியில் அம்மா வந்துவிட்டாள், கீழே அவர்கள் மொழியில் எழுத்து ஓட. மறுநாள் காலை வெளியுறவுத் துறை அதிகாரி படியேறி வந்தார். எங்கள் குடும்பத்தோடு தொடர்பில் இருக்க அவரைத்தான் போட்டிருந்தார்கள். வாய் திறந்தால் நிலைப்பாடு என்ற சொல் இல்லாமல் பேச மாட்டார் என்பதால், அம்மா அவருக்கு அதையே பெயராக வைத்துவிட்டாள்.

“நிலைப்பாடு வந்திருக்காரு, டீ போடு” என்றாள் என்னிடம், அவர் காதுபடவே.

“அம்மா, என்ன காரியம் பண்ணிட்டீங்க! படகு எல்லையைத் தாண்டவே இல்லைங்கிறது நம்ம நிலைப்பாடு. நீங்க தாண்டிட்டான்னு டிவியில சொல்றீங்க.”

“தாண்டிட்டான்னு எங்க சொன்னேன்? தாண்டியிருந்தா அவனுக்கே தெரிஞ்சிருக்காதுன்னு சொன்னேன்.”

“ரெண்டும் ஒண்ணுதானேம்மா.”

“எப்படி ஒண்ணாகும்? நீங்க வேணும்னே என் காலை மிதிச்சா அது வேற, தெரியாம மிதிச்சா அது வேற. தெரியாம மிதிச்சவரைப் பிடிச்சுக் கட்டியா வைப்பேன்? பாத்துப் போங்கன்னு சொல்லி விட்டுடுவேன்.”

அவர் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். குற்ற உணர்ச்சி தாங்காமல் நான் பின்னாலேயே போய்ப் படிக்கட்டில் பிடித்தேன். “சார், அந்தக் கதையில வர்றது நான். அண்ணன் இல்ல. நானே டிவியில வந்து சொல்லிடட்டுமா?” என்றேன். மனிதர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

“வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“இல்ல சார்.”

“சொல்லிடாதீங்கம்மா. காலையிலேருந்து அவங்க ஊர்ல எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருக்காங்க. ஒரு அம்மா அவங்க டிவிக்குப் போன் பண்ணி, ‘என் வீட்டுலயும் இப்படி ஒண்ணு இருக்கு, அந்தப் பையனை அனுப்பிடுங்க’ன்னு சொல்லியிருக்கு. சிரிக்கிறவங்களை வச்சுக்கிட்டு வேவுன்னு கத்துறது அவங்களுக்கும் கஷ்டம். இப்ப போய் உங்க அண்ணன் பெரிய கெட்டிக்காரர்னு நீங்க நிரூபிச்சா, கெட்டிக்காரன் எப்படித் தெரியாம வருவான், வேணும்னேதான் வந்தான்னு ஆயிடும்.”

கவனித்தீர்களா மாமா, அவர் பேசியதில் நிலைப்பாடு என்ற சொல்லே இல்லை. அப்போதுதான் விஷயம் எவ்வளவு பெரியது என்று எனக்கு உறைத்தது. அதன்பின் நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணனின் மானம் ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம் என்று நிறுத்திக் கேட்டால், நீங்களும் அண்ணனைத்தான் எடுத்துக்கொள்வீர்கள்.

கடைசியில் இரண்டு நாடுகளும் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டன. கோடு எங்கே என்பதில் யாரும் இறங்கி வரவில்லை. ஆனால் படகு எங்கே போயிருந்தாலும் ‘திசை தவறி’ப் போனது என்பதை இருவரும் ஒப்புக்கொண்டார்கள். விட்ட அன்றே அண்ணன் போனில் பேசினான். குரல் கம்மியிருந்தது, ஆனால் அவன் குரல்தான். “அம்மா, கடைசி சில நாள் காவலுக்கு இருந்தவன் என்னைப் பாத்துப் பாத்துச் சிரிச்சான். பாத்ரூமுக்குப் போனாக்கூடக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனான். ஏன்னே புரியல” என்றான். “நல்ல பிள்ளையா இருக்கும்” என்று சொல்லிவிட்டு அம்மா போனை என்னிடம் தந்தாள். நானும் சொல்லவில்லை.

போனை வைத்தபின் கேட்டேன். “ஏம்மா, அன்னிக்குத் தொலைஞ்சது நான்தானே? மறந்துட்டியா, தெரிஞ்சே சொன்னியா?”

“யாரு தொலைஞ்சா என்னடி?” என்றாள். “வாசல்ல வயித்துல நெருப்போட நின்னது நான். அப்பவும் நான், இப்பவும் நான். அதுல ஒண்ணும் பொய் இல்லையே.” அன்று முதல்முறையாக எனக்கு ஒரு ஆள் சாப்பாடு மட்டும் போட்டாள்.

ஆகவே மாமா, உங்கள் தங்கையை மன்னித்துவிடுங்கள். என் அண்ணனுக்குத் திசை தெரியும். வாழ்நாளில் ஒரு முறைகூட அவன் வழி தவறியதில்லை. எந்த நாளும் எந்த இருட்டிலும் தன் வீட்டு வாசலுக்கு நேராக வந்து நிற்கிறவன் அவன். இது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை வரை நம் இருவரோடு இருக்கட்டும். அந்த இரண்டு பேரும் வந்து சேர்ந்தபின் நானே என் கைப்பட மறுப்பு எழுதி, என் பெயரைப் போட்டு, சோறு கேட்டது நான்தான் என்று எல்லாப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். சத்தியம்.

அத்தைக்கு என் அன்பைச் சொல்லுங்கள். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். உங்கள் ஆசி எங்கள் வீட்டுக்கு எப்போதும் வேண்டும், இந்த மாதம் கொஞ்சம் கூடுதலாக.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்

பி.கு.: திங்கட்கிழமை எழுதிய இதை நூலகத்துப் புத்தகம் ஒன்றுக்குள் வைத்து மறந்துவிட்டேன். இன்று சனி. நேற்று அந்த இரண்டு பேரும் வந்து சேர்ந்துவிட்டார்கள், படகைத் தவிர எல்லாம் வந்தாகிவிட்டது. இனி நீங்கள் மறுப்பைத் தாராளமாக அனுப்பலாம், ஆனால் யாரும் நம்பப்போவதில்லை. நேற்று மாலை, யாருக்கும் சொல்லாமல், அண்ணனும் வந்தான். எதிர்க் கட்டடத்துக்குப் போய், அங்கே பழுப்புக் கதவின் மணியை அடித்திருக்கிறான். அந்த வீட்டம்மா அவனை மணிக்கட்டைப் பிடித்து, படிக்கட்டு முழுக்க ஆள் சேர்த்துக்கொண்டு கூட்டி வந்தார். “உங்க பையன் எங்க வீட்டுக்கு வந்துட்டாரு. டிவியில பாத்திருந்ததால பயப்படல. பசியோட இருந்தாரு, கொஞ்சம் சோறு போட்டேன்” என்றார். “நான் சொன்னப்ப ஒருத்தராவது நம்புனீங்களா?” என்று அம்மா கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள், கேட்டுக்கொண்டே அழுதாள். அண்ணன் என் காதில் மட்டும், “முதல்ல இங்கதான் வந்தேன். கதவு பச்சையா இருந்துச்சு, நம்பரும் இல்ல” என்றான். அப்பா கதவைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அம்மா சமைத்ததையும் அண்ணன் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். பிறகு படுத்தான். இன்னும் எழுந்திருக்கவில்லை.