வில்லன் மகனாக ஒரு மணி நேரம்

பொய் சொல்ல வாயைத் திறந்தே ஆகவேண்டும் என்றில்லை. நான் வாயை மூடிக்கொண்டே ஒரு மணி நேரம் பொய் சொன்னவன். அதுவும் கழுத்தில் மாலையோடு.

எனக்கு சேந்தமங்கலத்தில் ஒரு வரன் பொருந்தி வந்திருந்தது. முறைப்படி பெண் பார்க்கப் போகுமுன் யாராவது சத்தமில்லாமல் போய் விசாரித்துவிட்டு வருவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த வேலைக்கென்றே இருந்த பெரிய மாமாவுக்கு முட்டிவலி. அம்மா என்னையே அனுப்பிவிட்டார்.

"ஊடு எப்படி, மனுசங்க எப்படின்னு பாத்துட்டு வா. யாருன்னு மட்டும் சொல்லிராத சாமி."

திருச்செங்கோட்டிலிருந்து அப்பாவின் காரில் கிளம்பினேன். இரண்டு கண்ணிலும் மெட்ராஸ் ஐ, அதனால் கறுப்புக் கண்ணாடி. பெண்ணின் அப்பாவுக்கு ஒரு பழைய சினிமாக் கொட்டகை இருந்தது. அதன் வாசலில் ஒரே கூட்டம். கூட்டத்தோடு கூட்டமாக நின்று விசாரிக்கலாம் என்று (என்ன ஒரு துப்பறியும் மூளை) இறங்கினேன். மாலை விழுந்தது.

கொட்டகை கல்யாண மண்டபமாக மாறுவதற்கு முந்தைய கடைசிக் காட்சியாம் அது. படத்தில் வில்லனாக நடித்தவர் காலமாகிவிட்டதால், அவர் மகனைச் சென்னையிலிருந்து அழைத்திருந்தார்கள். அவரை யாரும் நேரில் பார்த்ததில்லை.

"அப்படியே அப்பா மூக்கு" என்றார் மாலை போட்டவர். அவர்தான் பெண்ணின் அப்பா. (அது என் அம்மா வழி மூக்கு.)

நான் அவரில்லை என்றால், பிறகு யார் என்று கேட்பார்கள். அதைச் சொல்லக்கூடாது. கும்பிட்டேன். ஊரே வந்து கை கொடுத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே நானும் கொடுத்தேன்.

ஒரு பெரியவர் என் கையை விடவே இல்லை. "இந்தக் கொட்டாய்ல உங்கப்பா மூஞ்சி மேல செருப்பு வீசுனவன் நானுங்க. இத்தன வருசமா மனசு உறுத்துது. மன்னிச்சுக்கோங்க சாமி."

அப்பா சார்பில் மன்னித்தேன். (என் அப்பா போர்வெல் ரிக் வண்டி வைத்திருப்பவர். அவர் மேல் யாரும் செருப்பு வீசியதில்லை.)

அப்போது காபி கொண்டுவந்த பெண் குனிந்து, "உங்கப்பா ரிக் வண்டி வெச்சிருக்கறவர்தானுங்களே?" என்றாள். நான் விசாரிக்க வந்த பெண்ணே அவள்தான்; ஜாதகத்தோடு போன என் போட்டோவை அவள் அப்பாவைவிடக் கவனமாகப் பார்த்திருக்கிறாள்.

"எப்பக் கண்டுபுடிச்சீங்க?"

"மாலை போடறப்பவே. எவ்வளவு தூரம் போறீங்கன்னு பாத்துட்டு இருந்தேனுங்க."

எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது. இந்த வரன் கைநழுவியதும் அப்போதே தெரிந்துவிட்டது.

காபி ஆறுவதற்குள் அசல் மகன் வந்து இறங்கினார். அவருக்கு மூக்கே சரியாக இல்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். சிவந்து ஒழுகிய என் கண்ணைப் பார்த்து, "அழாதீங்க தம்பி" என்றார் பெண்ணின் அப்பா. அழவில்லை என்று சொல்லும் அளவுக்கு நான் அன்று நேர்மையானவன் இல்லை.

செருப்புப் பெரியவர் மட்டும் கவலையாகக் கேட்டார். "அப்ப எனக்குக் குடுத்த மன்னிப்பு செல்லாதுங்களா?"

முதலில் சிரித்தது அவள்தான். பிறகு அவள் அப்பா. "எங்க ஊட்ட வேவு பாக்க வந்தீங்க. இப்ப எங்க ஊரே உங்களைப் பாத்துருச்சு. அம்மா அப்பாவைக் கூட்டிட்டு வாங்க."

நான்காம் நாள் முறைப்படி போனோம். பெண்ணும், பெண்ணின் அப்பாவும், அம்மாவும், சித்தப்பா குடும்பமும் கறுப்புக் கண்ணாடியோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என் கைராசி.

"இதுல பொண்ணு யாருடா?" என்றார் அம்மா என் காதில்.

அன்று எடுத்த போட்டோ மாமனார் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. போன பொங்கலுக்கு என் மகள் அதைப் பார்த்துவிட்டு, "இது என்ன படமுங்க தாத்தா? இதுல வில்லன் யாரு?" என்றாள்.

வீடே என்னைக் கை காட்டியது. நான் எழுந்து நின்று கும்பிட்டேன்.