டாக்டருக்கு ஒரு சட்டி கொண்டைக்கடலை

சட்டியின் மூடியைத் திறந்து ஒரு கடலையை எடுத்துக் கடித்ததும் சீமோஸுக்கு இரண்டு விஷயம் தெரிந்தது. கடைவாய்ப்பல் இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறது. இது அவருடைய சட்டி இல்லை.

வெளியே முற்றத்தில் டாக்டர் சராந்திஸ் வந்து உட்கார்ந்தாகிவிட்டது. சீமோஸின் மனைவி மார்கரோ அவரிடம் பேசிக்கொண்டே தட்டுகளைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றரை மணிக் கப்பலில் டாக்டர் தீவை விட்டே போகிறார். வேலை மாற்றல்.

சாதாரண டாக்டரா அவர்? பிப்ரவரியில் குடல்வால் வெடித்து மார்கரோ சுருண்டு விழுந்தபோது, காற்றுக்குப் பயந்து கப்பல்களெல்லாம் நின்றிருந்தன. இந்தப் பிள்ளைதான் ஒரு மீன்படகைப் பிடித்து, சலைன் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கியபடி, பக்கத்துத் தீவு ஆஸ்பத்திரி வரைக்கும் நின்றுகொண்டே போனது. நடுக்கடலில் இரண்டு தடவை வாந்தி எடுத்தார். பாட்டிலை மட்டும் இறக்கவில்லை. அந்தக் கையைச் சீமோஸ் இன்றைக்கும் மறக்கவில்லை.

அப்படிப்பட்டவர் கிளம்பும்போது கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இந்த சிஃப்னோஸ் தீவுக்கு வந்து ஒரு வருஷம் ஆச்சு. உங்க ஞாயித்துக்கிழமைக் கடலைச்சட்டியை ஒருநாள்கூடச் சாப்பிட்டதில்லை." எப்படிச் சாப்பிடுவார்? ஊரே மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டு, அன்றைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவரிடம்தானே போய் நிற்கும்!

மார்கரோ இன்னும் கனம் தூக்கக் கூடாது. அதனால் சீமோஸே சமைத்தார், ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக. வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, "தெரியும், தெரியும்" என்று கையை ஆட்டினார். சனிக்கிழமை சாயங்காலம் மூடியைச் சுற்றி மாவு ஒட்டி, பேக்கரி விறகடுப்பில் ஊர்ச் சட்டிகளோடு தன்னுடையதையும் இரவு முழுக்க வேகட்டும் என்று வைத்துவிட்டு வந்தார். மற்றவர்கள் அடையாளத்துக்குக் கைப்பிடியில் கம்பி முறுக்குவார்கள். சீமோஸ் துறைமுகத்தில் கப்பல் வடத்தைப் பிடித்துக் கட்டுகிறவர். கப்பலையே கட்டுகிறவருக்கு ஒரு சட்டி எம்மாத்திரம்? சிவப்பு நூலில் அருமையான முடிச்சு ஒன்று போட்டார். நெருப்புக்குள் போகிற நூல் என்ன ஆகும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

காலையில் பூசை முடிந்ததும், கோயில் வாசலில் நாலு பேரிடம் தன் சமையலைப் பற்றி அளந்துவிட்டுப் போனார். அதற்குள் பேக்கரியில் ஒரே ஒரு சட்டிதான் மிச்சமிருந்தது. தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இப்போதுதான் விஷயம் விளங்கியது. எவளோ அவருடைய சட்டியைத் தூக்கிக்கொண்டு, இந்தக் கூழாங்கல்லை அவர் தலையில் கட்டிவிட்டாள்.

"பரிமாறலாமா?" முற்றத்திலிருந்து மார்கரோ கேட்டாள்.

"அஞ்சு நிமிஷம்! சூடா இருக்கு, கொஞ்சம் ஆறட்டும்!" என்று கத்திவிட்டு, சட்டியோடு கொல்லைக் கதவு வழியாக ஓடினார்.

பக்கத்து வீட்டு ஃப்ளோரா கதவைத் திறந்தாள்.

"ஃப்ளோரா, என் சட்டி மாறிப்போச்சும்மா. உன் வீட்டுக்கு வந்திருக்கா பாரு."

"எங்களுதுல கம்பி கிடக்கே, அண்ணே. எங்கே, இதைக் காட்டு." ஒரு கடலையைக் கடித்தாள். அவள் கண்ணில் நீர் முட்டியது. "இது யாருதுன்னு நினைக்கிறீங்க?"

"அதைத்தானே கேக்கறேன்! எந்தப் புண்ணியவதி சமைச்சாளோ. அவளைக் கட்டிக்கிட்டவன் பாவம்."

ஃப்ளோராவுக்கு இருமல் வந்தது. அது நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. "இருங்க, உள்ளே வெளிச்சத்துல பாத்துட்டு வர்றேன்" என்று சட்டியைச் சமையலறைக்குள் கொண்டுபோனாள். கரண்டிச் சத்தம் கேட்டது. நிறையவே கேட்டது. ருசி பார்க்கிறாளா, பந்தி வைக்கிறாளா என்று சீமோஸுக்குப் பதைப்பாக இருந்தது.

வெளியே வந்தவள், "அனேசோ கைவேலை மாதிரி இருக்கு. அங்கே கேளுங்க" என்றாள். மது வண்டலில் ஊறிக் கறுத்த சீஸ் உருண்டை ஒன்றையும் அவர் அக்குளில் செருகினாள். "இது டாக்டருக்கு. எங்க வீட்லேர்ந்துன்னு சொல்லுங்க."

நாற்பது படி ஏறினால் அனேசோ வீடு. அவளும் புருஷன் லெமோனிஸும் பிள்ளைகுட்டிகளோடு சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள்.

"கடிச்சுப் பாரு, அனேசோ. இதைச் சமைச்ச கை கல்லுடைக்கத்தான் லாயக்கு!"

சாப்பாட்டு மேசையில் ஒருவரும் நிமிரவில்லை. லெமோனிஸ் மட்டும் ரொட்டியால் வாயை அடைத்துக்கொண்டான். அனேசோ கடித்தாள். சட்டியை உள்ளே கொண்டுபோனாள். மறுபடியும் கரண்டிச் சத்தம்.

"எங்களுது இல்லண்ணே. தெருக்கோடி மொஸ்கூலா அக்காகிட்ட கேட்டுப் பாருங்க." ஒரு ஜாடி வீட்டு மதுவை அவர் விரலில் மாட்டிவிட்டாள். "டாக்டருக்கு. மார்கரோ அக்காவை அன்னிக்குப் படகுல ஏத்தினப்போ கரையில நின்னு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்."

தெருக்கோடிக்குப் போய்ச் சேரும்போது சட்டி முன்னைவிடக் கனத்தது. இத்தனை படி ஏறி இறங்கினால் கை ஓயாமல் என்ன செய்யும்?

மொஸ்கூலாவின் வாய்க்கு ஊரில் பயப்படாதவர் இல்லை. "யாருதா இருந்தா என்னடா இப்போ? நீ சட்டியைத் தேடி முடிக்கிற வரைக்கும் நிக்க, டாக்டர் போற கப்பல் என்ன உன் வீட்டுதா? போய்ச் சோத்தைப் போடு!"

"இதையா போடறது, அக்கா?" சீமோஸின் குரல் உடைந்தது. "என் மார்கரோவை எனக்குத் திருப்பிக் கொடுத்த மனுஷன். வாய் திறந்து கேட்டது இது ஒண்ணுதான். அதைக்கூட ஒழுங்காச் செய்ய முடியலையே என்னால."

 மொஸ்கூலா சட்டியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது மூடியின் மேல் ஒரு தட்டுத் தேன்பணியாரம் இருந்தது. "கொண்டு போ. சின்ன வயசுக்காரர், கல்லைத் தின்னாலும் செரிக்கும்."

வீட்டில் டாக்டர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தாகிவிட்டது. சீமோஸ் சீஸை வைத்தார், மதுவை வைத்தார், பணியாரத்தை வைத்தார். அதற்கு மேல் வைக்க ஒன்றுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு சட்டியில் கரண்டியை விட்டு, தட்டில் கொஞ்சமே கொஞ்சம் போட்டு, எலுமிச்சையைப் பிழிந்தார்.

டாக்டர் ஒரு வாய் சாப்பிட்டார். மெல்வது நின்றது.

"டாக்டர், மன்னிச்சுக்கணும்…"

"எதுக்கு? இன்னொரு கரண்டி போடுங்க."

சீமோஸ் போட்டார். அதுவும் போனது. மூன்றாவதும் போனது. டாக்டர் தட்டை ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு, "இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சிருந்தா மாற்றலே கேட்டிருக்க மாட்டேன். நல்லா இருக்கணும் நீங்க" என்று சீமோஸின் கையைப் பிடித்துக்கொண்டார். சலைன் பாட்டிலைத் தூக்கிப் பிடித்த அதே கை. 

சீமோஸ் தானும் ஒரு வாய் போட்டுப் பார்த்தார். வெண்ணெயாகக் கரைந்தது. கோயில் இருந்த திசையைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"நிஜமாவே நீங்களா சமைச்சீங்க?" மார்கரோ தட்டுத் துடைத்த துணியால் கண்ணைத் துடைத்தாள்.

புகழ்ச்சி காதில் விழுந்ததும் சீமோஸுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "பின்னே? சட்டி என்னுதுதான், எனக்கு அப்பவே ஒரு சந்தேகம். இறக்கினதும் சாப்பிடக் கூடாது இதை. கொஞ்சம் ஆறவிட்டா தானாப் பதமாயிடும். கைப்பக்குவம்னு ஒண்ணு இருக்கு பாரு…"

அப்போது முற்றத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு லெமோனிஸ் வந்தான். கையிலிருந்த வாளியைச் சீமோஸின் காலடியில் வைத்தான். உள்ளே என்னவோ கலகலவென்று உருண்டது.

"இந்தாங்கண்ணே, உங்க கடலை. ஊறப்போடாமலே அடுப்புல வெச்சிருக்கீங்க, எங்க கோழிகூட மோந்து பாத்துட்டுப் போயிடுச்சு. மூணு வீட்டுப் பொம்பளைங்களும் கொஞ்சங்கொஞ்சமா இதை வழிச்செடுத்துட்டு, அவங்கவங்க சட்டியிலேர்ந்து அள்ளி ஊத்தி அனுப்பினாங்க. என்ன அப்படிப் பாக்கறீங்க? அவரு நம்ம மார்கரோ அக்கா உயிரைக் காப்பாத்தினாரு. அவரு பல்லையாவது நாங்க காப்பாத்த வேண்டாமா?"