ஏரிக்குள் நின்ற முப்பத்திரண்டாம் கட்டடம்

வாழ்க மேப்பக்கா! வலக்கையில் சுட்டியும் இடக்கையில் ஆறிப்போன காபியும் ஏந்திய வீராங்கனை, நாற்பத்தேழு கட்டடங்களை ஒரே திரைக்குள் அடக்கியாளும் திண்தோளாள், கூரை ஒழுகும் கிடங்கு எது, குத்தகை முடியும் கடை எதுவென வண்ணம் பிரித்துக் காட்டும் வரைபட வித்தகி, சொத்து நிர்வாக அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், கழிப்பறைக்கு அடுத்த அறையில் கொலுவீற்றிருக்கும் கோமகள் வாழ்க! மென்பொருள் தெய்வமே, பாதியில் உறைந்துவிடாதிருக்க அருள் புரிக!

காலை பத்தரை மணிக்கு அக்கொடுமையைக் கண்டாள் அவள். முந்தின நாள்தான் படத்தில் ஏறிய முப்பத்திரண்டாம் கட்டடம், மூன்று மாடியோடும் லிப்டோடும், நட்டநடு ஏரியில் கூச்சமேயின்றி நின்றுகொண்டிருந்தது. பதினோரு மணிக்கு முதலாளி வருகிறார். "ஒரு தப்பு இருந்தாலும் மேப்பும் வேணாம் கீப்பும் வேணாம், திரும்ப ரிசப்ஷன்ல போய் உக்காந்துக்கோ" என்று மேலாளர் ஏற்கெனவே முழங்கியிருந்தார். வருவோர் போவோரிடமெல்லாம் சிரித்துச் சிரித்துத் தாடை வலித்த அந்த மேசையை நினைத்ததுமே நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டாள்.

கட்டடம் கட்டடமாகப் போய், வாசலில் நின்று, போனில் இடத்தைப் பதிந்து வருபவர் கள ஆய்வாளர். அவரை அழைத்தாள்.

"அண்ணே, முப்பத்திரண்டாம் நம்பர் ஏரிக்குள்ள நிக்குது. எங்க நின்னு பட்டனை அமுக்குனீங்க?"

"வாசல்ல அமுக்க மறந்துட்டேம்மா. உங்க அண்ணி வேற படகுல போகணும்னு ஒரே பிடிவாதம். நடு ஏரியிலதான் ஞாபகம் வந்துச்சு. வந்த உடனே அமுக்கிட்டேன்."

"நல்லா அமுக்குனீங்க! கட்டடம் எங்கண்ணே இருக்கு?"

"மருந்துக்கடைக்கு நேர் எதிர்ல."

பல்லைக் கடித்தாள் பாவை, சுட்டியைப் பற்றினாள், புயலெனச் சீறி இழுத்தாள். அந்தோ, நகர்ந்தது கட்டடமன்று, ஏரி! கிழக்கே பாய்ந்த அந்நீர்நிலை பதினொரு குடியிருப்புகளையும் ஒரு பள்ளிக்கூடத்தையும் ஒரே வாயில் விழுங்கிற்று. பதறிப்போய்ப் பின்வாங்கும் பொத்தானை அழுத்தினாள், வெள்ளம் வடிந்தது. மீண்டும் இழுத்தாள், திரை உறைந்தது.

"பதினோரு மணி வரைக்கும் உயிரோட இருடி, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கணினியிடம் கெஞ்சினாள்.

மனமிரங்கித் திரை அசைந்தது. இம்முறை ஏரியை அசையவொட்டாமல் பூட்டிவைத்து, தெருத்தெருவாய் மருந்துக்கடையைத் தேடிப் பிடித்து, ஆழ்நீரினின்றும் அம்மாளிகையை வாரியெடுத்துக் கடைக்கு எதிரே நட்டு, சேமித்து நிமிர்ந்தபோது மணி பத்து ஐம்பத்தெட்டு. நாற்பத்தேழும் தத்தம் தெருவில் காலூன்றி நின்ற அக்காட்சியில் திசையெட்டும் முரசுகள் அதிர்ந்தன. வெற்றித்திருமகளின் கண்களில் நீரே வந்துவிட்டது.

முதலாளி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "அழகா இருக்கும்மா, இதை எக்செல்ல லிஸ்ட்டாப் போட்டு அனுப்பிரு" என்றார்.